க்லஸ் என்றால் என்ன நிறம்

லாக்ரே, கால்வே மாவட்டம்
நவம்பர், திங்கட்கிழமை

அன்புள்ள ஃபினூலா அக்காவுக்கு,

தங்கை டெர்வ்லா எழுதிக்கொள்வது. நீயும் டெக்லன் அத்தானும் டொராண்டோவில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. இங்கே நான், ஃபெர்கல், கீலின், நாய் எல்லோரும் நலம். மழையும் நலம். போன மாதம் வந்தது, இன்னும் கிளம்புகிற வழியாக இல்லை.

உறைக்குள் ஒரு படம் இருக்கிறது. கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிடுகிற ஆள் நீ என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது உன் தங்கை மகள்தான். தலையில் இருப்பது கம்பளித் தொப்பி. தொப்பியின் மேல் இருப்பது நீ அனுப்பிய பச்சைக்கல் கிரீடம். கையில் இருப்பது உருளைக்கிழங்கு சிப்ஸ், வினிகர் ஊற்றியது. மாகாண நடனப் போட்டிக்காக அருமையாகத் தேர்ந்தெடுத்து அனுப்பிய கிரீடத்தை இந்தக் கோலத்திலா வைத்துக்கொள்வாள் என்று நீ போனை எடுப்பதற்கு முன், தயவுசெய்து இதைக் கடைசிவரை படித்துவிடு. கிரீடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கீலினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் ஆனது, அதுவும் சனிக்கிழமையோடு சரியாகிவிட்டது.

நீ கடைசியாக வந்தபோது பார்த்த கீலின் இல்லை இவள். பதினைந்து வயதில் ஒரே குளிர்காலத்தில் என்னைவிட உயரமாகிவிட்டாள். உயர்ந்ததோடு சரி, அந்த உயரத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசல் நிலையில் இடிக்காத தலையைக்கூடக் குனிந்துகொண்டுதான் வருவாள். ஜூன் மாதம் ஒரு சிறிய போட்டியில் ஆடிவிட்டு இறங்கியவள் பரிசு அறிவிப்புக்குக்கூட நிற்காமல் நேரே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னாலேயே போய் என்னவென்று கேட்டேன். "எல்லாரும் என்னையே பாக்கறாங்கம்மா" என்றாள். "மேடைல ஏறி ஆடினா பாக்கத்தானே செய்வாங்க" என்றேன். தர்க்கப்படி சரியான பதில். அம்மா சொல்ல வேண்டிய பதில் அல்ல என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. லாக்ரே வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நவம்பர் போட்டிக்குப் பேர் குடுத்தாச்சு, அதுக்கு மட்டும் போறேன். அதுலயும் இப்படியே இருந்தா நிறுத்திடறேன்" என்றாள்.

நான் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இந்த நடனப் போட்டிகள் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். நல்ல முடியின் மேல் சுருள் சுருளாக டோப்பா வைப்பதும், நவம்பர் குளிரில் ஸ்பெயினில் இருந்து வந்தவள் மாதிரி காலுக்குப் பழுப்புச் சாயம் பூசுவதும், காலுறை நழுவாமலிருக்கப் பசை தடவுவதும் எந்த மரபில் இருக்கிறது என்று வரலாற்று ஆசிரியையாக நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் டீ ஊற்றிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனாலும் அக்கா, இந்தப் பெண் நடக்கக் கற்ற நாளிலிருந்து நம் வீட்டுச் சமையலறைத் தரையில் கால் தட்டும் சத்தம் நின்றதில்லை. பாத்திரம் கழுவும்போது தட்டுவாள், பல் தேய்க்கும்போது தட்டுவாள், அடுப்புக்கு முன்னால் ஓடு விரிசல் விட்டதும் அதனால்தான். ஜூனுக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஃபெர்கல் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை தூக்கி, "ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சா? ஏதோ சத்தம் நின்ன மாதிரி இருக்கே" என்றார். மாட்டு வைத்தியம் பார்க்கிற என் வீட்டுக்காரருக்கே தெரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே நவம்பர் போட்டியில் இந்தப் பெண் மேடையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது, பரிசு அல்ல. அந்த நேரம் பார்த்து அவளுடைய நடன ஆசிரியை கன்செப்டா டூஹி என்னைக் கூப்பிட்டு, இவள் ஏறியிருக்கும் பிரிவில் இனி நடனப் பள்ளிச் சீருடையில் ஆட முடியாது, தனக்கென்று தனி உடை வேண்டும் என்றார். "சீருடையில போனா, நைட்டியோட கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும் டெர்வ்லா. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது." நான் யாரிடமும் போய் அழுகிற வழக்கம் இல்லை என்றேன். "எல்லா அம்மாவும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்றார்.

கீலினிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். "எதுவானாலும் சரி" என்றாள். முதலில் இணையத்தில் விலைக்கு வரும், ஏற்கெனவே வேறு பெண்கள் உடுத்திய உடைகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் காட்டக் காட்ட அவள் தலையை ஆட்டினாள். "அது ரோஷீன் மக்லூன் போட்டதும்மா, எல்லாருக்கும் தெரியும்." "அது போன வருஷம் ஸ்லைகோல மேடையில வழுக்கி விழுந்த டிரஸ்." விழுந்தது உடை அல்ல, அதற்குள் இருந்த பெண் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. இவர்களுக்கு முகம் மறந்துபோகும், உடை மறக்காது. கடைசியில் புதிதாகவே தைத்துவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான் உன் பார்சல் வந்தது. பிரித்தால் கிரீடம். பச்சைக் கற்கள். டொராண்டோவில் இத்தனை வருடம் இருந்தால் அயர்லாந்து முழுக்கப் பச்சையாகத்தான் தெரியும், உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கிரீடம் பச்சை என்றால் உடையும் பச்சை, வேலை முடிந்தது என்று எனக்கு நிம்மதிதான். "பச்சைதானே?" என்றேன் கீலினிடம். "பெரியம்மாதான் அனுப்பிட்டாங்களே, அப்புறம் என்ன" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி வருவது என் பகுதி. கானமாராவில் கடலை ஒட்டிய ஒரு சந்துக்குள் பார்ப்ரா டாம் என்று ஒரு தையல்காரி இருக்கிறாள். டாம் அவள் அப்பா பெயர், குடும்பப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வாய் ஓயாது, வாடிக்கையாளரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தன் பூனையை உட்கார வைப்பாள், ஆனால் ஊசி அவள் சொன்னபடி கேட்கும் என்று டூஹி சொன்னார். ஆகஸ்டில் கீலினை அழைத்துக்கொண்டு போனேன். பார்ப்ரா டாம் வீட்டில் பேசுவது ஐரிஷ் மொழி. நீ சிரிப்பாய். கால்வே பல்கலைக்கழகத்தில் அந்த மொழியைப் பட்டத்துக்குப் படித்தவள் நான், நம் லாக்ரேயில் தபால்காரரிடம்கூடப் பேச வாய்ப்பில்லாமல் இத்தனை வருடம் அதை அலமாரியில் வைத்திருந்தவள், வழி முழுக்க ஜீப்பில் வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். வாசலில் ஆரம்பித்தவள் அளவெடுத்து முடியும்வரை நிறுத்தவில்லை. மழை பற்றிப் பேசினேன், நாய் பற்றிப் பேசினேன், இலக்கணம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. பார்ப்ரா டாம் வாயில் ஊசிகளோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காலேஜ் அம்மாவா?" என்று கேட்டாள். பாராட்டு என்று நினைத்தேன். கடைசியாக உடையின் நிறம் என்ன என்றாள். "க்லஸ்" என்றேன், ஐரிஷில் பச்சைக்குச் சொல்லும் சொல். "க்லஸா?" என்றாள். "க்லஸ்தான்" என்றேன், அகராதியைக் கையில் வைத்திருப்பவள் போல. அவள் கீலினைப் பார்த்தாள். கீலின் பூனையைப் பார்த்தாள். "சரி" என்றாள் பார்ப்ரா டாம்.

அதன்பிறகு அவளைப் போனில் பிடிக்க முடியவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். அவளாகக் கூப்பிட்டால் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். செப்டம்பரில் ஒரு முறை வீட்டு போனில் கூப்பிட்டிருக்கிறாள், கீலின்தான் எடுத்தாளாம். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா வந்துட்டிருக்காம்" என்றாள். சரியாக வந்துகொண்டிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

போட்டிக்கு முந்தின வாரம் உடையை வாங்கப் போனோம். பார்ப்ரா டாம் உள்ளே போய் உறையோடு கொண்டுவந்து, கொக்கியில் மாட்டி, உறையை மேலிருந்து கீழே இழுத்தாள். அக்கா, உள்ளே இருந்தது சாம்பல் நிறம். நம் வயல்களைச் சுற்றி அடுக்கியிருக்கும் கல்சுவர் மழையில் நனைந்தால் என்ன நிறமோ அந்த நிறம். மேலே வெள்ளி நூலால் பின்னல் வேலைப்பாடு, பாவாடை ஓரத்தில் கல்லில் படிந்த பாசிபோல அங்கங்கே மஞ்சள் பொட்டு. கற்கள் மிகக் கொஞ்சம். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. பச்சையாக இல்லை, அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நின்ற கீலின் மூச்சே விடவில்லை. பாவம், அதிர்ச்சியில் நிற்கிறது பிள்ளை என்று நினைத்தேன்.

"இது என்ன?" என்றேன்.

பார்ப்ரா டாம் பதில் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். என் தோளுக்கு மேலாகக் கீலினைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீதானே க்லஸ்னு சொன்னே?" என்றாள்.

"க்லஸ்னா பச்சைங்க."

"புல்லுக்குச் சொன்னா பச்சை. மலைக்குச் சொன்னா பச்சை. ஆட்டுக்குச் சொன்னா சாம்பல், குதிரைக்குச் சொன்னா சாம்பல், கம்பளித் துணிக்குச் சொன்னா சாம்பல். சாயம் போட்ட பச்சைத் துணிக்கு ஊனியான்னு ஒரு வார்த்தை இருக்கே, அது உங்க காலேஜ்ல சொல்லித் தரலியா? நீ ஆட்டை நெனச்சியா புல்லை நெனச்சியான்னு நான் எப்பிடிக் கண்டேன்? உம் பொண்ணு என்ன புல்லு மாதிரியா இருக்கா?"

எனக்கு அந்த இடத்தில் பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது. ஊனியா என்ற சொல் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். சாயம் போட்ட துணிக்கு அதைத்தான் சொல்ல வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள், துணி எடுக்கப் போன இடத்தில் க்லஸ் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். புதிதாகத் தைக்க நேரமில்லை. பார்ப்ரா டாமிடம் ஐரிஷில் மன்னிப்புக் கேட்டேன். கீலின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டேன். பதற்றத்தில் மாற்றி, அவளிடம் ஆங்கிலத்திலும் இவளிடம் ஐரிஷிலும் மறுபடி கேட்டேன். பார்ப்ரா டாம் பூனையை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு என்னை உட்கார வைத்தாள். அப்படி அவள் யாருக்கும் செய்ததில்லையாம், டூஹி பிறகு சொன்னார்.

கீலின் மட்டும் பெரிய மனுஷி மாதிரி, "பரவாயில்லம்மா, விடு" என்றாள். போய் உடுத்திக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தாள், மறுபக்கம் திரும்பினாள், குதிகாலை இரண்டு தட்டுத் தட்டினாள். குற்ற உணர்ச்சியில் மூழ்கிக் கிடந்த எனக்கு அவள் கழுத்து நிமிர்ந்திருந்தது கண்ணில் பட்டும் மனத்தில் பதியவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று எவ்வளவு நன்றாக நடிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் நடந்ததைக் கேள். ஃபெர்கல் உடையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, தொழில் பழக்கத்தில் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல ஜாதி. உண்ணி இல்ல" என்றார். சாப்பாட்டு மேசைக்கு அகராதியைக் கொண்டுவந்து, க்லஸ் என்பதற்கு முதலில் போட்டிருக்கும் பொருள் பச்சைதான் என்று அவருக்குப் படித்துக் காட்டினேன். சாம்பல் அதற்கப்புறம்தான் வருகிறது. "அப்போ போட்டிக்கு அகராதியை அனுப்பு, இவ வீட்டுல இருக்கட்டும்" என்றார். அந்த வாரம் முழுக்க என்னைக் கண்டால் மெதுவாக ஆடு மாதிரி ஒரு சத்தம். கீலின் சிரித்தாள். சிரிக்கிறாளே என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

டூஹி சிரிக்கவில்லை. உடையை வெகுநேரம் பார்த்தார். உன் கிரீடத்தைக் கீலின் தலையில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "டெர்வ்லா, நான் உங்களை நோகடிக்கணும்னு சொல்லல. ஜட்ஜுங்க இவளைப் பாக்கணுமா, வேண்டாமா?" என்றார். "மத்தவங்க எல்லாம் தீபம் மாதிரி வந்து நிப்பாங்க. இவ அவங்களுக்குப் பின்னாடி இருக்கிற சுவர் மாதிரி இருப்பா. இதுல பச்சைக் கிரீடம் வேற, சுவத்து மேல கொடி படர்ந்த மாதிரி." கடைசியில் தன்னிடம் ஒரு ஆரஞ்சு உடை இருக்கிறது, இரவல் தருகிறேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கீலின், "வேணாம் மிஸ். இதுவே போட்டுக்கறேன்" என்றாள். அவ்வளவு அழுத்தமாக அவள் டூஹியிடம் பேசி நான் கேட்டதில்லை. என் தவறை ஊரறியக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்காகச் சுமக்கிறாள் என்று நினைத்து, அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன். எல்லா அம்மாவும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று டூஹி சொன்னது நினைவிருக்கிறதல்லவா, அவரும் அதை நினைத்திருப்பார்.

சனிக்கிழமை ஸ்லைகோவில் போட்டி. காலுக்குச் சாயம் பூசும் வேலை என்னுடையது. ஒரு கால் பூசி முடித்தபோது டோப்பாவைக் காணோம் என்று வீடே தேடியது. நாய் படுக்கைக்குள், தன் குட்டி போல அணைத்து வைத்துக்கொண்டிருந்தது நாய். அதைப் பிடுங்கி, உதறி, சுருளைச் சரிசெய்து முடிப்பதற்குள் புட்டியின் மூடி திறந்தே இருந்து சாயம் கெட்டியாகிவிட்டது. மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசினேன். ஒரு கால் ஸ்பெயின், ஒரு கால் லாக்ரே. உடையை ஜீப்பின் பின்னால் தொங்கவிட்டோம். முந்தின நாள் அங்கே ஒரு கன்றுக்குட்டி பயணம் செய்திருந்தது. ஸ்லைகோ வரும்வரை ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, காற்றில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காமல், நான்கு மாகாணத்துக் குளிரையும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். ஹோட்டல் தாழ்வாரத்தில் நுழைந்தால் ஒரே மாதிரி தலைமுடி வைத்த பெண்கள் வரிசையாக. ரோஜா நிறம், எலுமிச்சை நிறம், கத்தரிப்பூ நிறம், கண்ணைப் பறிக்கும் நீலம், எல்லாவற்றிலும் உள்ளங்கை அளவு இடம்கூட விடாமல் கற்கள். அவர்களுக்கு நடுவே எங்கள் கல்சுவர், ஒன்றரைக் கால் சாயத்தோடு. நான் அந்தத் தாழ்வாரத்தில் உனக்கு மனத்துக்குள் நிறைய எழுதினேன், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

உன் கிரீடத்தை அணியவில்லை. டூஹி தன் பையிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளிப் பட்டையை எடுத்து வைத்துவிட்டார். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

மேடை ஓரத்தில் நானும் அவளும் நின்றோம். அங்கே மூன்று மூன்று பேராக ஏறி ஆடுவார்கள். அவளோடு ஆட வேண்டிய இரண்டு பெண்களும் முன்னால் நின்றார்கள். ஒருத்தி பச்சை. இன்னொருத்தியும் பச்சை. முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. ஜூன் மாதம் ஜீப்பில் அவள் உட்கார்ந்திருந்த விதம்தான் கண்முன்னால் இருந்தது. கதவு எங்கே இருக்கிறது, அவள் திரும்பி நடந்தால் எந்தப் பக்கம் போவாள் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, போயும் போயும், "எல்லாரும் பாப்பாங்க, நீ அதைக் கண்டுக்காதே" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கீலின் பாவாடையை ஒரு தட்டுத் தட்டி நேராக்கினாள்.

"பாக்கட்டும்மா" என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

அப்புறம் நான் பார்த்ததை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அக்கார்டியன் தொடங்கியது. இரண்டு பச்சையும் ஒன்றோடொன்று கலந்து, எது யார் என்று அவர்கள் அம்மாக்களுக்கே தெரிந்திருக்காது. நடுவில் சாம்பல் நிறம் தனியாக நின்றது. மழை நின்ற வயலில் சுவர் தெரிவது போலத் தெரிந்தது. கால்கள் மட்டும் வேலை செய்தன, மேலே அவள் அசையவில்லை, தலை நிமிர்ந்திருந்தது, முழு உயரமும் அங்கே இருந்தது. அந்த உயரத்தை என்ன செய்வது என்று தெரிந்துவிட்டதுபோல இருந்தது. பக்கத்தில் ஃபெர்கல் ஆடு மாதிரிச் சத்தம் போடவில்லை. என் கைப்பையின் வாரை அவர் பிடித்துக்கொண்டிருந்தார், என் கை என்று நினைத்து.

மறுசுற்றுக்குக் கூப்பிடும் பட்டியலில் அவள் எண் வந்தது. வந்ததும் டூஹி என் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன்ல, சாம்பல்தான்னு. எல்லாரும் கத்தற எடத்துல மெதுவாப் பேசறவங்களைத்தான் திரும்பிப் பாப்பாங்க" என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கடைசியில் பரிசு மேசைப் பக்கம் போகவில்லை, நடுவில் எங்கோ ஒரு இடம். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. திரும்பும் வழியில் டோப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டாள். உறையிலிருந்து உன் கிரீடத்தை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டாள். சிப்ஸ் வாங்கச் சொன்னாள். "பெரியம்மாவுக்குப் படம் எடுங்கப்பா, அவங்க கிரீடம் வந்துச்சு, ஆனா வேலைக்குப் போகல, பிக்னிக் வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள். சிப்ஸ் பொட்டலத்தை முடித்து, விரலை நக்கிக்கொண்டே, "அம்மா, அடுத்த வருஷத்துக்குப் புது ஷூ வேணும், இது பத்தாது" என்றாள். அடுத்த வருஷம் என்று சொன்னாள். ஃபெர்கல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. இரண்டாவது ஓடும் போகப்போகிறது. போகட்டும்.

ஆக, அக்கா, நீ எதற்கும் வருத்தப்பட வேண்டாம். பச்சை உடை தைத்திருந்தால் மேடையில் மூன்றாவது பச்சையாக நின்றிருப்பாள். என் பிழை அவளைக் காப்பாற்றியது. கால்வேயில் அத்தனை வருடம் படித்த மொழி, ஒரே ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னதன் மூலம், என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவருக்குப் பயன்பட்டிருக்கிறது. பொதுவாக நான் இப்படிப்பட்டவற்றை நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் நேற்று தேவாலயத்தில் இதற்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஃபெர்கலிடம் சொல்லவில்லை.

அத்தானுக்கு எங்கள் அன்பு. அவர் முழங்காலைப் பிரார்த்தனையில் சேர்த்திருக்கிறோம், கீலினின் கால்களுக்கு அடுத்த இடத்தில். ஆண்டவன் உங்கள் இருவரையும் அந்தப் பனியில் வழுக்காமல் நடத்திச் செல்லட்டும்.

என்றும் உன் அன்புத் தங்கை,
டெர்வ்லா

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் கீலினுக்கு இதைப் படித்துக் காட்டினேன், அவளைப் பற்றி எழுதியதில் அவளுக்கு ஆட்சேபணை இருக்கக் கூடாதே என்று. பிழை அவளைக் காப்பாற்றியது என்ற இடம் வந்ததும் காது வரை சிவந்துவிட்டாள். "அம்மா, அது உன் தப்பே இல்ல. அந்த வரியை எடுத்துடு" என்றாள். மெழுகுவத்தியையும் எடுத்துவிடச் சொன்னாள். செப்டம்பரில் பார்ப்ரா டாம் போன் செய்தது எதற்குத் தெரியுமா? "உங்கம்மா க்லஸ்னு சொல்லிட்டுப் போயிட்டா, பச்சைன்னு தெரியுது, இருந்தாலும் போட்டுக்கப் போறது நீதானே, உனக்கு என்ன நெறம் வேணும் கண்ணு?" என்று கேட்பதற்கு. இவள் "சாம்பல்" என்றிருக்கிறாள். யோசிக்கவே இல்லையாம். பச்சையில் பத்துப் பேர் வருவார்கள், மற்றதெல்லாம் கத்தும், பார்க்கிறவர்கள் காலைப் பார்க்கட்டும் என்று நினைத்தாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "பெரியம்மா கிரீடம் அனுப்பிட்டாங்க. சொல்லலாம்னு பாத்தா, நீ அங்க ரெண்டு மொழில மன்னிப்புக் கேட்டுட்டிருந்தே. நடுவுல எப்படிம்மா சொல்றது?" அன்றைக்கு என் தோளுக்கு மேலாக இவள் முகத்தைப் பார்த்துத்தான் பார்ப்ரா டாம் பழியை என் ஐரிஷ் மேல் போட்டிருக்கிறாள். உடனே அவளுக்குப் போன் செய்தேன். அதிசயமாக எடுத்தாள். "மன்னிப்பு நல்லாக் கேட்டே. கேக்க நல்லா இருந்துச்சு, அதான் நிறுத்தல" என்றாள். மேலே உள்ளதை எல்லாம் நீ படிக்காததாக நினைத்துக்கொள், மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அடுத்த வருடக் கிரீடம் எந்த நிறத்தில் வேண்டும் என்று பெரியம்மா கேட்டால் என்ன சொல்ல என்று கீலினிடம் கேட்டேன். "எதுவானாலும் சரி" என்றாள். அதனால் எதையும் அனுப்பிவிடாதே. முதலில் போன் செய். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்.